கையெழுத்துப் போட வந்தவர் கொடுத்த புத்தகம்

கேள்வி: நானும் என் நாத்தனாரும் கோவையில் ஒரே விடுதி அறையில் தங்கிக் கல்லூரி படித்தவர்கள். தன் அண்ணனுக்கு என்னைப் பெண் கேட்கச் சொன்னதே அவள்தான். என் மாமனார் காலமான பிறகு, தடப்பள்ளி வாய்க்கால் பாசனத்தில் இருக்கும் வயல் விஷயமாகப் பத்திர ஆபீசில் கையெழுத்துப் போட சென்ற ஐப்பசியில் வந்தவள், ஓர் ஆங்கில நாவலைக் கொடுத்து, "படிச்சுட்டுச் சொல்லு" என்றாள். எட்டாம் எட்வர்டு மன்னர் யாருக்காக முடியைத் துறந்தாரோ அந்த வாலிஸ் சிம்ப்சனும் அவருடைய பள்ளித்தோழி மேரியும் ஒரு காலத்தில், டயானா இறந்த 1997 இன்னொரு காலத்தில் என்று கதை மாறி மாறிப் போகிறது. தோழியின் கணவரையே மேரி மணந்துகொண்டது துரோகம் என்று அவளுக்கு எழுதினேன். "அப்படியா, சரி" என்று பதில் வந்தது. அதன் பிறகு பேச்சே இல்லை, பொங்கலுக்கும் வரவில்லை. ஒரு கதைக்காக இப்படியும் கோபிப்பார்களா? வாலிஸ், மேரி இருவரில் யார் துரோகி என்று நீங்கள் சொன்னால், அதை அவளிடம் காட்டிச் சமாதானம் செய்துகொள்வேன்.
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: நாவலைப் பற்றிய கேள்விக்கு முதலில் விடை சொல்லிவிடுகிறேன்; அதற்கு அதிக இடம் வேண்டியதில்லை. நியூயார்க்கில் மேரியின் வீட்டில்தான் வாலிஸ், எர்னஸ்ட் சிம்ப்சனைச் சந்தித்தார். 1928-இல் அவரை மணந்தார், பின்னர் அரச குடும்பத்துப் பக்கம் சாய்ந்தார். 1936 அக்டோபர் 27 அன்று இப்ஸ்விச் நீதிமன்றத்தில் மணவிலக்கு கேட்டு நின்றவரும் அவரே. அடுத்த ஆண்டு நவம்பரில் எர்னஸ்டை மணந்த மேரி, 1941-இல் புற்றுநோயால் இறந்துபோனார். விலக்குக்கு முன்பே மேரிக்கும் எர்னஸ்டுக்கும் பழக்கம் ஏற்பட்டுவிட்டது, அது தவறுதான். ஆனாலும் ஒருத்தி வேண்டாம் என்று விட்டுப்போன வீட்டில் இன்னொருத்தி விளக்கேற்றியதைத் துரோகம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். நாவலைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதையெல்லாம் ஒருமுறை படித்தேன். "கையெழுத்துப் போட வந்தவள்" என்ற இடத்தை மட்டும் பலமுறை படித்தேன். என்ன கையெழுத்து, அம்மணி? மாமனார் காலமாகிறார், வாய்க்கால் பாசன வயல் இருக்கிறது, கட்டிக்கொடுத்த பெண் பத்திர ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார் என்றால், அது தன் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் என்பதை அறிய ஜோசியம் பார்க்க வேண்டியதில்லை. இந்தப் பகுதிக்கு ஈரோட்டிலிருந்தும் தாராபுரத்திலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் இதே கதை வந்துகொண்டேதான் இருக்கிறது. பெரும்பாலும் கையெழுத்துப் போட்டவர்கள் எழுதுவார்கள், இந்த முறை வாங்கிக்கொண்ட வீட்டிலிருந்து வந்திருக்கிறது. நான் ஊகிப்பது பிழை, நாத்தனார் தன் பங்குக்கு உரிய பணத்தைப் பெற்றுக்கொண்டுதான் கையெழுத்திட்டார் என்றால், இந்தப் பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிடுங்கள். ஆனால் அப்படி நடந்திருந்தால், பொங்கலுக்கு வரவில்லை என்பதைக் குறையாக எழுதத் தெரிந்த நீங்கள் அதையும் பெருமையாக எழுதியிருப்பீர்கள்.

துரோகத்தைப் பற்றி அவருக்கு எழுதினீர்களே, எழுதும்போது கை கொஞ்சமும் தயங்கவில்லையா? தன் பங்கை உங்கள் கணவர் பேருக்கு விட்டுக்கொடுத்து, கட்டைவிரலில் ஒட்டிய மை போவதற்குள், "படிச்சுட்டுச் சொல்லு" என்று ஒரு புத்தகத்தை நீட்டுகிறார் ஒரு பெண். இரண்டு தோழிகள், ஒருத்தி கைக்கு ஒன்று போய்ச் சேருகிறது, இன்னொருத்தி இழக்கிறாள் என்ற கதையை அன்றைக்கென்று பார்த்து எதற்காகக் கொடுத்தார்? வாய்விட்டுக் கேட்டால் பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடும் என்று அஞ்சுகிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள். நீங்கள் மேரிக்குத் தண்டனை கொடுத்துவிட்டு, அவர் ஏன் பேசவில்லை என்று என்னிடம் கேட்கிறீர்கள்.

அதே நாவலில் நீங்கள் கவனிக்க வேண்டிய கையெழுத்து ஒன்று இருக்கிறது. 1936 டிசம்பர் 10 அன்று பெல்வெடர் கோட்டையில் எட்வர்டு முடிதுறப்புப் பத்திரத்தில் ஒப்பமிட்டபோது, சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்கள் அவருடைய மூன்று தம்பிகள். உடன்பிறந்தவருக்கு விட்டுக்கொடுத்த பத்திரம்தான் அதுவும். ஆனால் அவர் சும்மா விட்டுக்கொடுக்கவில்லை. சாண்ட்ரிங்காம், பால்மோரல் எஸ்டேட்களில் தமக்கிருந்த உரிமைக்குத் தம்பியிடம் விலை பெற்றார், ஆண்டுதோறும் உதவித்தொகையும் பேசி வாங்கினார், அந்தப் பேச்சில் தம் கையிருப்பைக் குறைத்துக் காட்டினார் என்ற பழிக்கும் ஆளானார். தன் ஆசைக்காகப் பேரரசையே விட்டவர் தன் பங்கை விடவில்லை. உங்கள் நாத்தனார் யாருடைய ஆசைக்காக விட்டார்?

நீங்கள் சொல்லப்போகும் பதில்கள் எனக்குத் தெரியும். கல்யாணத்தில் நகை போட்டோம், நோம்பிக்கு நோம்பி சீர் செய்கிறோம், நானும்தான் என் அண்ணனுக்குக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அவளே விருப்பப்பட்டுத்தான் வந்தாள். சீர் என்பது அன்புக்குச் செய்வது, பங்கு என்பது உரிமை. ஒன்றைக் காட்டி இன்னொன்றைக் கழிப்பது கணக்கு ஆகாது. பிறந்த வீட்டில் நீங்கள் ஏமாந்தீர்கள் என்றால் உங்கள் அண்ணனிடம் கேளுங்கள், நாத்தனாரிடம் வசூலிக்காதீர்கள். விருப்பம் என்று சொல்வதைப் பற்றி எனக்கு நீண்ட கால ஐயம் உண்டு: அண்ணன் கார் அனுப்பி, ஊர்ப் பெரியவர்கள் இருவரை உடன் வைத்து, காலையில் டோக்கன் வாங்கிக் காத்திருக்கும் இடத்தில் ஒரு பெண் "எனக்கு விருப்பமில்லை" என்று சொல்லி நான் கேள்விப்பட்டதே இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பூர்வீகச் சொத்தில் பெண்ணுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-இலேயே சட்டத்தைத் திருத்தியது, ஆனால் அதற்குள் மணமாகியிருந்தவர்களை விட்டுவிட்டது. அந்த வேறுபாட்டையும் நீக்கி நாடு முழுவதற்குமான திருத்தம் 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அந்த உரிமை பிறப்பாலேயே வருவது, அந்தத் தேதியில் தந்தை உயிரோடிருந்தாரா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றமும் தீர்த்துச் சொன்னது. ஆனால் பதிவான விடுதலைப் பத்திரத்தை நீதிமன்றத்தில் அசைப்பது எளிதல்ல. ஆகவே இன்றைய நிலையில் சட்டம் உங்கள் வீட்டுப் பக்கம்தான் இருக்கிறது. அதனாலேயே உங்களிடம் இத்தனை கடுமையாகப் பேசுகிறேன், ஏனென்றால் இனி உங்களைத் தட்டிக் கேட்க வேறு யாரும் வரப்போவதில்லை.

உங்கள் கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன் சடங்குகளை நடத்திவைக்கும் அருமைக்காரர், உடன்பிறந்தவளை முன்னிறுத்தும் இணைச்சீரைச் செய்துவைத்தபோது, மாப்பிள்ளையோடு சேர்ந்து நின்றது அந்த நாத்தனார்தானே? நீ இந்த வீட்டுக்குள் வருகிறாய், ஆனால் இவளுக்கும் இந்த வீட்டில் இடம் உண்டு என்று சபையறியச் சொல்வதற்குத்தான் நம் பெரியவர்கள் அந்தச் சீரை வைத்தார்கள் என்று நான் நம்புகிறேன். கூடப் பிறந்தவளை விருந்தாளியாக்கிவிட்டு, சீரை மட்டும் வீடியோவுக்காகச் செய்கிற வழக்கம் இப்போது பெருகிவிட்டது. அது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

செய்ய வேண்டியது இதுதான். அவருக்கு இனி நாவலைப் பற்றி ஒரு வரியும் அனுப்பாதீர்கள், என் பதிலையும் காட்டாதீர்கள். பத்திர நகலை எடுத்து வைத்துக்கொண்டு கணவரோடு உட்காருங்கள். விடுதலைப் பத்திரத்தை ரத்து செய்யும் சிக்கலுக்குள் போகாமலேயே, தங்கையின் பங்கு அளவுக்கான வயலை அவர் பேருக்குத் விலை வாங்காமல் உரிமையை மாற்றித் தரும் தான செட்டில்மென்ட் பத்திரம் எழுதிக்கொடுக்க உங்கள் கணவரால் முடியும். எல்லை, வாய்க்கால் மடை, வண்டிப்பாதை மூன்றையும் தெளிவாகக் குறிப்பிடச் சொல்லி ஒரு வக்கீலிடம் எழுதி வாங்குங்கள். வயலாகக் கொடுக்க வழியில்லை என்றால் இன்றைய சந்தை மதிப்பைப் பணமாகக் கொடுக்கட்டும். அரசாங்க வழிகாட்டி மதிப்பைக் காட்டிக் குறைக்க வேண்டாம். பிறகு இருவரும் அவர் வீட்டுக்குப் போங்கள், அவரை வரச் சொல்லாதீர்கள்.

கணவர் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் எனக்கு மறுபடியும் எழுதுங்கள். அப்போது பதிலை அவர் பேருக்கே எழுதுகிறேன்.