மெல்லிய தகட்டில் அலையைத் திருப்புவது: கேள்வி பதில்

கேள்வி: சார், அலைக்கு வழிகாட்டும் பரப்பு என்கிறீர்களே, தகட்டில் அது எங்கே இருக்கும்?

பதில்: அலை போகும் பாதைக்குக் குறுக்கே ஒரு பட்டையாக. அதில் பள்ளங்களோ குட்டித் தூண்களோ வரிசையாக இருக்கும். பட்டையைக் கடக்கும்போது அலை இடத்துக்கு இடம் வெவ்வேறு அளவு தாமதமாகிறது. அந்த வித்தியாசம்தான் அலைமுகப்பை, அதாவது அலையின் முகடுகள் அமைக்கும் கோட்டைச் சாய்க்கிறது. ஒளிக்கு இதை ஹார்வர்டு இயற்பியலாளர் கபாஸோவின் குழுவினர் 2011இல் விதியாக எழுதினார்கள். தகடு மேலும் கீழும் வளைந்து அதிரும்போது அதில் பரவும் வளைவு அலைக்கும் அதே கணக்குதான்.

கேள்வி: எண்களோடு சொல்ல முடியுமா?

பதில்: 1 மி.மீ. அலுமினியத் தகட்டில் 1 கிலோஹெர்ட்ஸ் வளைவு அலை சுமார் 10 செ.மீ. நீளம் இருக்கும். பட்டையின் நீளவாக்கில் 20 செ.மீ.க்குள் கட்டம் (அலை தன் சுற்றில் எந்த நிலையில் இருக்கிறது என்பது) 0 முதல் 360 பாகை வரை சீராக ஏறட்டும். அலைநீளம் 10ஐ இந்த 20ஆல் வகுத்தால், திரும்பும் கோணத்தின் சைன் கிடைக்கும்: அரை. சைன் அரை என்றால் 30 பாகை. நேராக வந்த அலை அவ்வளவு திரும்பும். அந்த 20 செ.மீ.யை எட்டுத் துண்டாக்கினால், துண்டுக்குத் துண்டு 45 பாகை கூட வேண்டும்.

சரி, அந்தத் தாமதம் எங்கிருந்து வரும்? தடிமனிலிருந்து. அலைநீளம் தடிமனின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. தடிமனைக் கால்வாசியாக்கினால் அலைநீளம் பாதி. அலை போகும் திசையில் 10 செ.மீ.க்கு முழுத் தடிமனில் ஓர் அலை அடங்கும், கால்வாசித் தடிமனில் இரண்டு. ஒரு முழுச் சுற்று, அதாவது 360 பாகை வித்தியாசம் கிடைத்துவிட்டது. எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது. ஆனால் தடிமன் சட்டென மாறும் இடத்தில் அலையில் ஒரு பங்கு திரும்பிப் போய்விடும். அதையும் கணக்கில் சேர்க்காத வடிவமைப்பு என்னைப் பொறுத்தவரை பாதி வேலைதான்.

கேள்வி: அதிர்வெண்ணை இரட்டித்தால் அலைநீளம் பாதியாகும்தானே?

பதில்: ஆகாது. காற்றில் ஒலிக்குத்தான் அப்படி. இங்கே பாதியாக 4 மடங்கு ஏற்ற வேண்டும்.

கேள்வி: கணினியில் அழகாகத் திரும்புகிறது. சோதனையில் ஒரே குழப்பம்!

பதில்: முதலில் ஓரங்களைப் பாருங்கள். எனக்கும் இப்படித்தான் ஆனது. விளிம்பில் மோதித் திரும்பிய அலைகள், சாய்ந்து போன அலையை மறைத்துவிட்டன. சுற்றிலும் களிமண் பட்டை அழுத்தி ஒட்டினேன். அப்புறம் லேசர் அதிர்வுமானியில் சாய்ந்த கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

கேள்வி: திருப்பாமல், அலையை விழுங்கவே வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். விளிம்பை நோக்கித் தடிமனைத் தூரத்தின் வர்க்கப்படியோ அதைவிட வேகமாகவோ குறைத்துக்கொண்டே போனால், அலை மெதுவாகி மெதுவாகி நுனியை எட்டாமலே போகும். மிரோனோவ் 1988இல் காட்டியது இது. நிஜத்தில் நுனியைப் பூஜ்ஜியம் வரை சீவ முடியாதே, அதனால் அங்கே அதிர்வை உறிஞ்சும் மெல்லிய தணிப்புப் படலம் ஒன்றை ஒட்டியே ஆக வேண்டும்.