குறைந்த விலை ஏர் ரைஃபிள்: தடித்த ஸ்பிரிங் போடுவதற்கு முன் செய்ய வேண்டியவை

பொள்ளாச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: பேரலை (குழலை) மடித்துப் பெல்லட் எனும் சிறு ஈயக் குண்டைப் போடும் வகையிலான, 0.177 அங்குலத் துளையுள்ள ஏர் ரைஃபிள் ஒன்றைச் சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கி, தோட்டத்தில் காகிதக் குறி வைத்துப் பழகி வருகிறார். பத்து மீட்டர் தூரத்தில் ஐந்து பெல்லட்டுகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறுகின்றன. டிரிகர் மிகக் கடினமாக இருக்கிறது. ஒவ்வொரு முறையும் உள்ளே ஸ்பிரிங் ‘டொய்ங்’ என்று அதிர்கிறது. தடித்த ஸ்பிரிங்கும், குறி பார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்பும் மாட்டினால் சரியாகிவிடும் என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். எதிலிருந்து தொடங்கலாம் என்பது அவருடைய கேள்வி.

நண்பர்கள் சொன்ன இரண்டையும் இப்போதைக்கு ஒத்திவையுங்கள். டிரிகரை அழுத்தியதும் ஸ்பிரிங் பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. அதன் எதிர்வினையாகத் துப்பாக்கி பின்னால் நகர்கிறது. பிஸ்டன் அழுத்தப்பட்ட காற்றில் மோதி நிற்கும்போது துப்பாக்கி மறுபடியும் முன்னால் உதறுகிறது. பெல்லட் பேரலை விட்டு வெளியேறுவதற்குள் இந்த ஆட்டம் தொடங்கிவிடுகிறது. தடித்த ஸ்பிரிங் போட்டால் வேகம் சற்றுக் கூடலாம். ஆனால் உதறல் அதைவிட அதிகமாகக் கூடும், மடிக்கும் சிரமம் கூடும், திருகுகள் தளரும், காற்று கசியாமல் அடைக்கும் பிஸ்டன் சீலின் ஆயுளும் குறையும். ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டிகளில் பயன்படும் ரைஃபிள்களின் ஆற்றல் பத்து ஜூல் (ஆற்றலின் அலகு) அளவைக்கூடத் தொடுவதில்லை. அவற்றைக் கொண்டுதான் வீரர்கள் வெறும் 0.5 மில்லிமீட்டர் அகலமுள்ள பத்தாம் புள்ளியை அடிக்கிறார்கள். உங்கள் துப்பாக்கியில் குறைவது வலு அல்ல, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இயங்கும் தன்மை.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துளை 0.177 அங்குலத்துக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை; அதைத் தாண்டினால் கதை வேறு. கணக்கு எளிது: பெல்லட்டின் எடையைக் கிராமில் எடுத்து, விநாடிக்கு எத்தனை மீட்டர் என்ற வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி, 2000-ஆல் வகுத்தால் ஜூல் கிடைக்கும். அரை கிராம் பெல்லட் 200 மீட்டர் வேகத்தில் போனால் 10 ஜூல். தோப்பில் மயில் தொல்லை தாங்க முடியவில்லை என்பதும் அதன் மீது சுடுவதற்குக் காரணமாகாது. 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது கடுமையான குற்றம்.

எந்த வேலையையும் தொடங்குமுன் இப்போதைய நிலையைப் பதிவு செய்யுங்கள். ஒரே அமர்வில், ஒரே தூரத்தில், ஐந்து ஐந்தாகச் சில தாள்களில் சுட்டு, தேதியும் பெல்லட்டின் பெயரும் எழுதி வைத்தால்தான் பிறகு எந்த மாற்றம் பலன் தந்தது என்று தெரியும். சுடும்போது துப்பாக்கியைக் கெட்டியாகப் பிடிக்காதீர்கள். மணல் மூட்டையின் மேலோ மேசை விளிம்பிலோ நேரடியாக வைக்கவும் வேண்டாம். இடது உள்ளங்கையை விரித்து அதன் மேல் துப்பாக்கியைச் சும்மா கிடத்தி, ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் துப்பாக்கி தன் போக்கில் உதறி முடிக்க இடம் தர வேண்டும். பாதிச் சிதறல் இதிலேயே குறைந்து, வாங்கிய புதுச் சாமான்கள் பெட்டியிலேயே கிடப்பதும் உண்டு.

அடுத்தது பெல்லட். ஒரே 4.5 மில்லிமீட்டர் (அதாவது 0.177 அங்குலம்) என்று டப்பாவில் அச்சிட்டிருந்தாலும், ஒரு தயாரிப்பு பேரலில் தளர்வாக விழும், இன்னொன்று இறுக்கமாகப் பிடிக்கும். மூன்று நான்கு வகைகளைச் சிறு அளவில் வாங்கிச் சோதியுங்கள். பாவாடை (பெல்லட்டின் விரிந்த பின்விளிம்பு) நசுங்கிய பெல்லட்டுகளைப் பொறுக்கி எறியுங்கள். இந்தத் துப்பாக்கியில் எஃகுக் குண்டுகள் வேண்டவே வேண்டாம்: அவை பெல்லட்டைச் சுழல வைக்கும் பேரலின் உள்வரிகளைக் கெடுக்கும், கெட்டியான பரப்பில் பட்டுத் திரும்பிக் கண்ணையும் தேடி வரும். பெல்லட் இல்லாமல் வெறுமனே சுடுவதும் கூடாது. எதிரே தடையில்லாததால் பிஸ்டன் சிலிண்டரின் முகப்பில் நேராக இடிக்கும்.

இப்போது ஸ்குரூ டிரைவரை எடுக்கலாம். துப்பாக்கியின் மரக்கட்டையையும் உலோகப் பாகத்தையும் இணைக்கும் திருகுகள் ஒவ்வொரு உதறலுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். அவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்து, பல் வாஷர் வைத்து, திருகு தானாகத் தளராமல் பிடிக்கும், கழற்றக்கூடிய வகை நூல்பூட்டுத் திரவம் (த்ரெட் லாக்கர்) ஒரு துளி விட்டு முறுக்குங்கள். பேரல் மடியும் மூட்டில் பக்கவாட்டு ஆட்டம் இருந்தால் அச்சுப் போல்ட்டை இறுக்குங்கள்.

அந்த மூட்டில்தான் காற்றும் கசியும். டிஷ்யூ தாளிலிருந்து ஒற்றை அடுக்கைப் பிரித்து, பேரல் சேரும் இடத்தின் மேல் கிடத்திவிட்டுக் குறியில் சுடுங்கள். தாள் துள்ளினால் அங்குள்ள சீல் தேய்ந்திருக்கிறது என்று பொருள். அதே அளவுள்ள புது ஓ ரிங் (ரப்பர் வளையம்) போதும்; பள்ளம் ஆழமாக இருந்தால் அதன் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் வளையம் வெட்டி வைக்கலாம்.

பேரலைச் சுத்தம் செய்யத் தூண்டில் நரம்பே ஏற்ற கருவி. நரம்பை இரட்டித்து நுழைத்து, நுனி வளையத்தில் சிறு துணித் துண்டைச் செருகி, பெல்லட் போகும் திசையிலேயே இழுங்கள். முதல் துணிகளில் தொழிற்சாலைக் கிரீஸ் கரிக்கட்டி போல வரும்; துணி வெளுத்து வரும்வரை தொடரலாம். பிறகு பேரலின் வாயைக் கவனியுங்கள். காது குடையும் பஞ்சுக்குச்சியை உள்விளிம்பில் சுற்றிலும் மெதுவாகத் தேய்த்தால், பிசிறு இருக்கும் இடத்தில் பஞ்சு நார் மாட்டிக்கொள்ளும். அந்தப் பிசிறு பெல்லட்டின் பாவாடையை ஒரு பக்கமாகத் தள்ளிவிடும். பேரலுக்குள் பஞ்சை அடைத்து, உருண்டைத் தலையுள்ள பித்தளைத் திருகில் வால்வு கிரைண்டிங் பேஸ்ட் தடவி, கையால் சாய்த்துச் சாய்த்துச் சுழற்றினால் விளிம்பு சீராகும். வாகன உதிரிபாகக் கடையில் அந்தப் பேஸ்ட் மலிவாகக் கிடைக்கும். பஞ்சை வாய் வழியாகவே வெளியே எடுங்கள். பேஸ்ட் உள்ளே போகக் கூடாது.

ஸ்பிரிங்கின் ‘டொய்ங்’ ஓசைக்கு உள்ளே திறந்துதான் ஆக வேண்டும். ஓய்வு நிலையிலும் ஸ்பிரிங் சில சென்டிமீட்டர் அழுந்தியே இருக்கிறது. பின்மூடியைத் தாங்கும் ஊசியை உருவியதும் அந்த மூடி முகத்தை நோக்கிப் பாயும். நீளமான கிளாம்ப்பில் உறுதியாகப் பிடித்து மெல்ல மெல்லத் தளர்த்தத் தெரியாதவர்கள் இந்த வேலையை அனுபவமுள்ள பழுதுபார்ப்பவரிடம் விட்டுவிடுவதே நல்லது. திறந்தபின், சிலிண்டரின் நீள்வெட்டு ஓரங்களை நுண்ணிய எமரித் தாளால் மழுக்குங்கள். புதுச் சீலை மாட்டும்போது கிழிப்பவை அவைதாம். ஸ்பிரிங்கின் இரு முனைகளையும் தேய்த்து வழவழப்பாக்குங்கள். ஓசைக்கு முக்கியக் காரணம், ஸ்பிரிங்குக்கும் அதனுள்ளிருக்கும் வழிகாட்டிக் குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி. லேத் பட்டறையில் நைலான் கட்டையிலிருந்து, கையால் சற்று அழுத்தி நுழைக்கும் அளவுக்கு இறுக்கமான வழிகாட்டி ஒன்றைக் கடைந்து வாங்கிப் போடுங்கள். அழுந்தும்போது ஸ்பிரிங்கின் விட்டம் சற்றே விரியும் என்பதால் அது சிக்கிக்கொள்ளாது.

பிஸ்டனின் பக்கங்களில் மாலிப்டினம் கிரீஸை மெல்லிய படலமாகத் தடவினால் போதும். பிஸ்டனுக்கு முன்னே தேங்காய் எண்ணெயோ தையல் மெஷின் எண்ணெயோ விடும் பழக்கம் நம்மூரில் இருக்கிறது. காற்று அழுந்திச் சூடாகும்போது அந்த எண்ணெய் தீப்பற்றி, புகையோடு வெடிச் சத்தம் எழும். பெல்லட்டின் வேகம் தாறுமாறாகும், சீலும் கருகும். தோல் வாஷர் உள்ள பழைய மாடல்களுக்கு மட்டும் ஓரிரு துளி சிலிக்கான் எண்ணெய் விடலாம்.

டிரிகரில், தயாரிப்பாளர் கொடுத்த திருகைக் கொண்டு சரிசெய்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசையும் அச்சுகளில் ஒரு பொட்டுக் கிரீஸ் வைக்கலாம். பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும் கொக்கியை அரம் போட்டு ராவக் கூடாது. அதன் கடினப்படுத்திய மேல்பரப்பு மிக மெல்லியது. அது போனால், பேரல் மடிந்திருக்கும் நிலையிலேயே கொக்கி நழுவி, பேரல் சட்டென்று எழும்பி விரலை நசுக்கிவிடும். எப்படியிருந்தாலும், பெல்லட் போடும்போது பேரலை ஒரு கையால் பிடித்துக்கொண்டே போடுங்கள்.

மரக்கட்டை வேலைதான் உங்கள் கைவண்ணத்துக்கு இடம் தரும். பழைய வார்னிஷைச் சுரண்டி, 120, 220, 400 எண் உப்புத்தாள்களால் மரநார் ஓடும் திசையில் தேய்த்து, ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சுகளாக, ஒவ்வொன்றும் காய்ந்தபின் அடுத்ததாகத் தடவுங்கள். எண்ணெய் ஊறிய துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது எழும் சூட்டிலேயே அது தானாகத் தீப்பிடிக்கக்கூடும். தண்ணீரில் நனைத்து, வெளியில் விரித்துக் காயவிட்டுப் பிறகு அப்புறப்படுத்துங்கள்.

இத்தனையும் முடிந்து, தாளில் ஐந்து துளைகளும் ஒரு ரூபாய் நாணயத்துக்குள் அடங்கினால் ஸ்கோப் வாங்கலாம். முன்னும் பின்னும் உதறும் ஸ்பிரிங் துப்பாக்கிக்கென்றே செய்த ஸ்கோப்பாகவும், அது நழுவாமல் தடுக்கும் முளையுள்ள மவுண்ட்டாகவும் கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் உள்ளே கண்ணாடி சில நாட்களிலேயே தளர்ந்துவிடும்.