பாண் சட்டியும் பச்சைத் தண்ணீரும்: வாசகர் கேள்வி பதில்

அக்கா, சுவிஸில் இருந்து வந்த மச்சாள் பாண் சுடும் மண்சட்டி ஒன்று தந்துவிட்டுப் போனார். மூடியும் இருக்கிறது, உள்ளே பூச்சு இல்லை. ஓவனை முதலில் சூடாக்கிவிட்டுத்தான் எதையும் வைத்துப் பழக்கம். இதற்கும் அப்படித்தானா? வெடித்துவிடும் என்ற பயத்தில் அலுமாரிக்கு மேலேயே கிடக்கிறது.
- களுவாஞ்சிக்குடி வாசகி

இறக்குங்கள் தங்கச்சி. பூச்சில்லாத சட்டியைச் சூடான ஓவனில் வைக்கவே கூடாது. மண் சூட்டை மெதுவாகத்தான் கடத்தும், திடீரென்று சூடுபட்டால் வெளிப்பக்கம் விரிய உட்பக்கம் விரியாமல் நிற்கும், அந்த இழுபறியில்தான் கீறல் விழுகிறது. ஆகவே குளிர்ந்த ஓவனில் வைத்து, பிறகு சுவிட்சைப் போடுங்கள்.

அதற்கு முன் சட்டியையும் மூடியையும் 15 நிமிடம் பச்சைத் தண்ணீரில் ஊறப் போட வேண்டும். துளைகளில் புகுந்த தண்ணீர் ஓவனுக்குள் ஆவியாக வெளியேறும், அந்த ஈரத்தில் மாவின் மேல்தோல் சீக்கிரம் இறுகாது, பாண் தாராளமாக எழும்பும், பிறகு மேல்பக்கத்து மாச்சத்து ஈரத்தில் வெந்து மினுக்கமான மொறுமொறுத் தோலாகும். பேக்கரிப் போறணைப் பாணின் தோலை வீட்டு ஓவனில் ஓரளவாவது கொண்டுவர எனக்குத் தெரிந்த சுலபமான வழி இதுதான்.

500 கிராம் கோதுமை மா, 325 மில்லிலீற்றர் தண்ணீர், 10 கிராம் உப்பு, 1 தேக்கரண்டி ஈஸ்ட். நம்முடைய வெக்கைக்கு ஒரு மணித்தியாலத்திலேயே மா இரட்டிப்பாகிவிடும், கச்சான் காற்றுக் காலத்தில் அதற்கும் முன்னரே, அதனால் கடிகாரத்தை விட்டு மாவைப் பாருங்கள். உருட்டி, ஊறித் துடைத்த சட்டியில் வைத்து, இன்னும் கொஞ்சம் பொங்க விட்டு மூடுங்கள். 220 முதல் 230 பாகை செல்சியஸில், ஓவனைப் போட்ட நேரத்தில் இருந்து 45 நிமிடம். மூடியை எடுத்துவிட்டு இன்னும் 10, 15 நிமிடம் சிவக்க விடுங்கள். அடியில் தட்டினால் வெறும் பெட்டியைத் தட்டியது போலச் சத்தம் வர வேண்டும்.

சூடான மூடியை ஈரமான சீமெந்துத் தரையிலோ பீங்கான் தட்டிலோ வைத்துவிடாதீர்கள், மரப்பலகை அல்லது மடித்த துணி. பூச்சுள்ள சட்டியும் கல் போல இறுகச் சுட்ட சட்டியும் வேறு சாதி. அவற்றை ஊறவைப்பதா இல்லையா என்பதைப் பெட்டிக்குள் வந்த தாளில் பார்த்துச் செய்யுங்கள்.

வெளிநாட்டுச் சட்டிக்கு எங்கே போவது? தயிர்ச்சட்டியில் சுடலாமா?
- கல்முனை வாசகி

நல்ல கேள்வி, ஆனால் தயிர்ச்சட்டியை நான் விடச் சொல்வேன். மெல்லியது, தயிர் முடிந்ததும் எறிந்துவிடுவதற்கென்றே செய்தது, அதிலும் பாவித்த சட்டியில் புளித்த பால்வாடை ஊறிப் போயிருக்கும். சந்தையில் தடிப்பான புதுக் கறிச்சட்டி இரண்டு, ஒரே வாயளவில் பார்த்து வாங்கி, ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்தால் பாண் சட்டி தயார். முதலில் அவற்றைப் பழக்கி எடுக்க வேண்டும், ஒரு நாள் தண்ணீரில் கிடக்கட்டும், பிறகு வடிகஞ்சி ஊற்றி மெல்லிய சூட்டில் வைத்து ஆறவிடுங்கள். விரலால் சுண்டிப் பார்த்து வாங்குங்கள், கணீரென்று கேட்டால் கீறல் இல்லை. சுடும்போது கீழே ஒரு தகரத் தட்டு வைத்தால், தப்பித் தவறி உடைந்தாலும் ஓவன் தப்பும். மேசை ஓவன் என்றால் உயரத்தையும் அளந்துகொண்டு சந்தைக்குப் போங்கள், மேல் கம்பியில் சட்டி முட்டக் கூடாது. பெயின்ட் அடித்த பூச்சாடி வேண்டவே வேண்டாம்.

சட்டியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது, உள்ளே கறுப்புப் புள்ளியும் இருக்கிறது. சவர்க்காரம் போட்டுக் கழுவியும் போகவில்லை. எறிவதா?
- காத்தான்குடி வாசகி

எறிய வேண்டாம் ராத்தா. இரண்டும் இரண்டு விஷயம். வெளியே பூத்த வெள்ளைத் தூள் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீரின் உப்பு, ஈரம் காயும்போது துளை வழியே வெளியே வந்து படிகிறது. வினாகிரி தொட்டுப் பொச்சால் தேயுங்கள், திரும்ப வந்தாலும் பயமில்லை. கறுப்புப் புள்ளி பூஞ்சணம், அதை விடக் கூடாது. அப்பச்சோடாவைக் குழைத்துப் பூசி, கொஞ்ச நேரம் கழித்துச் சுடுதண்ணீரில் தேய்த்துக் கழுவி, குளிர்ந்த ஓவனில் வைத்து மெதுவாகச் சூட்டைக் கூட்டிக் காயவிடுங்கள்.

சவர்க்காரத்தை மட்டும் இன்றோடு நிறுத்துங்கள், மண் அதைக் குடித்துவிட்டு அடுத்த பாணில் வாசனையாகத் தரும். மீன் ஆணம் காய்ச்சிய சட்டியில் பாண் சுட்டாலும் இதே கதைதான், பாணுக்கென்று ஒன்றைத் தனியாக வையுங்கள். மாரியில் மூடியைப் பூட்டி அலுமாரிக்குள் வைத்தால் பூஞ்சணம் வரத்தான் செய்யும். மூடியை மல்லாத்தி வைத்து, காற்றுப்படும் இடத்தில் விடுங்கள்.

பாண் சட்டியோடு ஒட்டிப் பிய்கிறது.
- அக்கரைப்பற்று வாசகர்

அடியில் பேக்கிங் தாள் போடுங்கள் தம்பி, அல்லது எண்ணெய் தடவி ரவை தூவுங்கள். ஒட்டினால் கத்தியால் சுரண்டாமல் பத்து நிமிடம் ஆறவிட்டால் தானாக விடும். காஸ் அடுப்பின் நெருப்பில் நேரே வைத்துச் சுடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள், அதைச் செய்யாதீர்கள், ஓவன் இல்லாவிட்டால் அந்த மாவில் ரொட்டி தட்டிச் சாப்பிடுவது மேல்.