ஏஎச்எல் ஒப்பந்தம் இருந்தும் ஈசிஎச்எல் அணிக்கு அனுப்பியதும் சம்பளம் குறைந்தது ஏன்?

வட அமெரிக்கப் பனி ஹாக்கியில் ஏஎச்எல் (அமெரிக்கன் ஹாக்கி லீக்) மேல்படி, ஈசிஎச்எல் அதற்கு அடுத்த கீழ்ப்படி லீக். ஏஎச்எல் ஒப்பந்தத்தில் இருக்கும் உங்கள் மகனை அங்கே அனுப்பியதும் சம்பளம் குறைந்தது பெரும்பாலும் கணக்குப் பிழையாக இருக்காது. அவர் கையெழுத்திட்டது ‘டூ-வே’ ஒப்பந்தமாக இருந்தால், ஏஎச்எல்லில் ஆடும் நாட்களுக்கு ஒரு தொகையும், ஈசிஎச்எல்லில் ஆடும் நாட்களுக்கு அதைவிடக் குறைந்த தொகையும் அதிலேயே எழுதப்பட்டிருக்கும். ‘ஒன்-வே’ ஒப்பந்தமாக இருந்தால் மட்டுமே எங்கே அனுப்பினாலும் தொகை மாறாது.

முதலில் ஒப்பந்தத்தில் ஊதியப் பகுதியை எடுத்துப் பாருங்கள். அங்கே ஒரே தொகை இருக்கிறதா, இரண்டு தொகைகளா என்பதிலேயே விடை இருக்கிறது. இரண்டு இருந்தால், அவர் கீழே அனுப்பப்பட்ட தேதியைச் சம்பளச் சீட்டில் உள்ள நாட்களோடு ஒப்பிடுங்கள். ஒரே தொகைதான் இருக்கிறது, ஆனாலும் பணம் குறைகிறது என்றால், உடனே தொழில்முறை ஹாக்கி வீரர்கள் சங்கமான பிஎச்பிஏவுக்கு எழுதுங்கள். 1967இல் தொடங்கிய அந்தச் சங்கம் இந்த இரு லீக்குகளின் வீரர்களுக்காகவும் கூட்டு ஒப்பந்தம் பேசுகிறது. ஈசிஎச்எல் வீரர்களுக்குத் தங்குமிடத்தை அணியே தருகிறது என்பதால், வாடகையைச் சம்பளத்தில் பிடித்திருந்தால் அதையும் கேளுங்கள்.

ஒன்றை மட்டும் வலியுறுத்திச் சொல்கிறேன். அனுப்பப்பட்ட நாளில் அவருக்குத் தோளிலோ முழங்காலிலோ வலி இருந்திருந்தால், சம்பளத்தைப் பேசுவதற்கு முன் அதை அணி மருத்துவரிடம் சொல்லி எழுத்தில் பதிய வையுங்கள். ஒரு பருவத்தில் 72 ஆட்டங்களைப் பேருந்துப் பயணங்களுக்கு நடுவே ஆடும் இளைஞர்கள், இடம் பறிபோய்விடுமோ என்று அஞ்சிக் காயத்தை மறைப்பது உண்டு. பிறகு இழப்பீடு கேட்கும்போது பதிவில்லாத காயத்தை நிரூபிப்பது மிகவும் கடினம்.