ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் ஆயில்: மாற்றத்தான் வேண்டுமா?

கேள்வி: என் கார் டார்க் கன்வெர்ட்டர் வகை ஆட்டோமேட்டிக். 90,000 கி.மீ. ஓடியிருக்கிறது. கியர் பாக்ஸ் ஆயிலை மாற்றவே தேவையில்லை என்கிறது சர்வீஸ் சென்டர். வெளியே இருக்கும் மெக்கானிக் உடனே மாற்றச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மெக்கானிக் சொல்வதுதான். பல கார் கம்பெனிகள் வாங்கிப் பொருத்தும் 8 கியர் ஆட்டோமேட்டிக்கைத் தயாரிக்கும் இசட்எஃப் நிறுவனமே, 80,000 முதல் 1,20,000 கி.மீ.க்குள் அல்லது 8 ஆண்டுக்குள் ஆயிலை மாற்றச் சொல்கிறது. அதே கியர் பாக்ஸ் உள்ள சில கார்களின் சர்வீஸ் அட்டவணையில் அந்த வரியே இருக்காது. அட்டவணை சின்னதாக இருந்தால் பராமரிப்புச் செலவு குறைவு என்று சொல்லி விற்கலாம். வாரண்டி முடிந்து கியர் பாக்ஸ் போனால் செலவு உங்கள் தலையில்தான்.

மேனுவல் கியர் பாக்ஸில் ஆயிலுக்கு முக்கிய வேலை பற்கள் தேயாமல் காப்பது. ஆட்டோமேட்டிக்கில் அப்படியல்ல. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவே இருக்கும் டார்க் கன்வெர்ட்டருக்குள் இன்ஜினின் சுழற்சியைக் கடத்துவது அந்த ஆயில்தான். ஆயிலை வேண்டிய இடத்துக்குத் திருப்பிவிடும் வால்வு பாடியின் மெல்லிய வழிகளில் அழுத்தத்தோடு பாய்ந்து கிளட்ச் பிளேட்டுகளை இறுக்கிப் பிடிப்பதும், சூட்டைக் கூலருக்குக் கொண்டுபோவதும் அதுவே. கிளட்ச் வழுக்காமலும் வெட்டாமலும் பிடிக்க ஆயிலில் சேர்த்திருக்கும் வேதிப்பொருட்கள் சூட்டில் மெல்ல மெல்ல வீரியம் இழக்கும்.

பல வண்டிகளில் முதலில் தெரிவது இதுதான்: 60–80 கி.மீ. வேகத்தில் ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்தபடி சீராகப் போகும்போது, சாலையின் வேகத்தடுப்புக் கோடுகள் மேல் ஏறியதுபோல ஒரு நடுக்கம் வந்து ஓரிரு விநாடியில் நின்றுவிடும். கன்வெர்ட்டரை நேரடியாகப் பூட்டும் லாக்-அப் கிளட்ச் வழுக்கி வழுக்கிப் பிடிக்கிறது என்று பொருள். இந்தக் கட்டத்தில் சரியான ஆயில் மாற்றியே பல வண்டிகளைக் காப்பாற்றிவிடலாம். விட்டுவிட்டால் பிளேட் தேய்ந்த தூள் ஃபில்டரை அடைக்கும், மின்சாரத்தில் இயங்கும் சோலினாய்டு வால்வுகள் ஒட்டும், ஆயில் அழுத்தம் குறையும். அழுத்தம் குறைந்தால் பிளேட் இன்னும் வழுக்கும், வழுக்கினால் சூடு ஏறும், சூட்டில் ஆயில் மேலும் கெடும்.

தினமும் நெரிசலில் ஊர்ந்து போகிற வண்டி, மலைப்பாதை வண்டி, ட்ரெயிலர் இழுக்கிற வண்டி என்றால் ஓனர்ஸ் மேனுவலில் கடும் பயன்பாட்டுக்கான கெடுவைப் பாருங்கள். மேனுவலில் அப்படிக் கெடு எதுவும் இல்லையென்றால் 60,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஓனர்ஸ் மேனுவலில் கியர் பாக்ஸ் ஆயில் கொள்ளளவு 8 லிட்டர் என்று இருக்கிறது. பில்லில் 4 லிட்டர்தான் போட்டிருக்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?

பதில்: இல்லை. அடி போல்ட்டைக் கழற்றினால் அடித்தட்டான ஆயில் பேனில் இருப்பதுதான் வடியும். கன்வெர்ட்டரிலும் கூலர் குழாய்களிலும் இருப்பது அங்கேயே நின்றுவிடும். 8-ல் 4 லிட்டர் மாற்றினால் உள்ளே இருப்பதில் புது ஆயில் பாதி. சில நூறு கி.மீ. ஓட்டிவிட்டு இன்னொரு முறை மாற்றினால் 75 சதவீதம், மூன்றாவது முறை 87.5. முதல் முறையாக மாற்றும் பழைய வண்டிக்கு இரண்டு முறை செய்தால் போதும்.

பில்லில் பார்க்க வேண்டியது வேறு. ஆயிலின் ஸ்பெசிஃபிகேஷன் பெயர், எத்தனை லிட்டர், புது ஃபில்டர், கேஸ்கெட், போல்ட் வாஷர் எல்லாம் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். சில கியர் பாக்ஸ்களில் ஃபில்டர் பிளாஸ்டிக் பேனோடு சேர்ந்தே வரும். பேனையே மாற்றியாக வேண்டும். வேலை நடக்கும்போது பக்கத்தில் நிற்க முடிந்தால் மூன்று விஷயங்களைக் கவனியுங்கள்.

முதலில் ஆயில் ஊற்றும் போல்ட் கழல்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் போல்ட்டில் கை வைக்க வேண்டும். வடித்த பிறகு மேல் போல்ட் இறுகிக்கொண்டு வராவிட்டால் வண்டி லிஃப்டிலேயே நிற்கும். வடிந்ததை அளக்கச் சொல்லுங்கள்.

அடுத்து, பேனுக்குள் இருக்கும் காந்தம். அதில் சாம்பல் நிறத்தில் மை போலப் படிந்திருந்தால் சாதாரணத் தேய்மானம், துடைத்துவிட்டுப் போடலாம். விரலில் குத்துகிற சில்லு வந்தால் உள்ளே ஏதோ உடைகிறது.

கடைசியாக அளவு. டிப்ஸ்டிக் இல்லாத கியர் பாக்ஸில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிரேக்கை மிதித்து ஒவ்வொரு கியரிலும் சில விநாடி நிறுத்தி, ஆயில் சூட்டை ஸ்கேனரில் பார்த்துத்தான் அளவைச் சரிபார்க்க வேண்டும். இசட்எஃப் 8 கியருக்கு 30–50 டிகிரி செல்சியஸ். மற்றவற்றுக்கு சர்வீஸ் மேனுவலில் இருக்கும். ஸ்கேனர் இல்லாமல் இந்த வேலைக்கு வருகிறவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள். அளவு கூடினால் ஆயில் நுரைக்கும், குறைந்தால் பம்ப் காற்றை இழுக்கும். இரண்டிலும் அழுத்தம் போய்விடும்.

கேள்வி: 1,50,000 கி.மீ. வரை ஆயிலே மாற்றவில்லை. இனி மாற்றினால் கியர் பாக்ஸ் போய்விடும் என்கிறார்கள். உண்மையா?

பதில்: பாதி உண்மை. இப்படிப் போன வண்டிகள் பெரும்பாலும் கியர் வழுக்க ஆரம்பித்த பிறகு மாற்றியவை. பிளேட் ஏற்கெனவே தேய்ந்துவிட்டது. புது ஆயில் அதைத் திருப்பித் தராது. இன்று கியர் ஒழுங்காக விழுகிறது என்றால் தயங்காமல் மாற்றுங்கள். ஆனால் மெஷின் வைத்து அழுத்தத்தில் கழுவ விடாதீர்கள். வருடக்கணக்கில் அடியில் படிந்த கசடு கிளம்பி வால்வு பாடியில் போய் உட்காரும். வடித்து ஊற்றுவதையே இரண்டு தடவையாகச் செய்யுங்கள்.

கேள்வி: எல்லா ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும் என்று ஒரே ஆயிலை விற்கிறார்கள். என் கார் சிவிடி. ஊற்றலாமா?

பதில்: வேண்டாம். சிவிடியில் கியர் பற்களுக்குப் பதில் இரும்பு பெல்ட் புல்லியைப் பற்றியபடி சுழல்கிறது. அந்தப் பிடிக்கென்றே ஆயில் தனி. சாதாரண ஆட்டோமேட்டிக் ஆயிலை (ஏடிஎஃப்) ஊற்றினால் பெல்ட் வழுக்கிப் புல்லியில் கோடு விழும். ஆயிலில் நனைந்த இரட்டைக் கிளட்ச் உள்ள (வெட் கிளட்ச்) டிசிடிக்கும் ஆயில் வேறு. ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் இந்த வகை 6 கியர் டிஎஸ்ஜிக்கு 60,000 கி.மீ.க்கு ஒருமுறை, ஃபில்டரோடு சேர்த்து மாற்ற வேண்டும். ஏஎம்டி என்றால் கிளட்சும் கியரும் தானாக இயங்கும், ஆனால் உள்ளே இருப்பது மேனுவல் கியர் பாக்ஸ்தான்; ஆயிலும் அதற்கு உரியதே.

கேள்வி: பழைய ஆட்டோமேட்டிக் கார் வாங்கப் போகிறேன். கியர் பாக்ஸை எப்படிப் பார்ப்பது?

பதில்: நீங்கள் போகும்போது இன்ஜின் ஆறியிருக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஸ்டார்ட் செய்து டி (முன்னால்), ஆர் (ரிவர்ஸ்) இரண்டிலும் போட்டுப் பாருங்கள். வண்டி பிடிக்க இரண்டு விநாடிக்கு மேல் ஆனாலோ ‘டொக்’ என்று இடித்தாலோ சந்தேகப்படுங்கள். ஓட்டும்போது கியர் மாறும் நேரத்தில் வேகம் ஏறாமல் இன்ஜின் மட்டும் உறுமக் கூடாது. சர்வீஸ் பில்லில் கியர் பாக்ஸ் ஆயில் வரி இருக்கிறதா என்று தேடுங்கள். டிப்ஸ்டிக் இருந்தால் ஆயிலை வெள்ளைத் துணியில் தொட்டுப் பாருங்கள். பழுப்பு நிறம் என்றால் மாற்றுச் செலவை விலையில் கழிக்கச் சொல்லலாம். கருத்துக் கருகிய வாடை அடித்தால் கிளட்ச் எரிந்திருக்கும். பால் கலந்த ரோஸ் நிறம் என்றால் ரேடியேட்டருக்குள் இருக்கும் கூலர் ஓட்டையாகிக் கூலன்ட் கலந்திருக்கலாம். தண்ணீர் பட்ட பிளேட்டில் ஒட்டியிருக்கும் உராய்வுப் பட்டை உரிந்து வந்துவிடும். விலை எவ்வளவு குறைத்தாலும் அந்த வண்டி வேண்டாம்.