வாய்தா நாளுக்கு ஆகும் பஸ் செலவு

தீபாவளி நெருங்குகிறது. இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் நன்கொடை பற்றியவை. மூன்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். முதல் கடிதத்துக்குக் கொஞ்சம் நீளமாகவே.

கேள்வி: ஒவ்வொரு தீபாவளிக்கும் முதியோர் இல்லத்துக்கு வேட்டி, சேலை, இனிப்பு கொடுப்போம். இந்த வருடம் போனஸில் 12,000 ரூபாயைத் தனியாக எடுத்து, நியாயத்துக்காகவும் சமாதானத்துக்காகவும் வேலை செய்கிற ஓர் அமைப்புக்குக் கொடுக்க எனக்கு ஆசை. “சோறு போட்டால் வயிறு நிறைவது கண்ணுக்குத் தெரியும். இவர்களுக்குக் கொடுத்தால் பணம் எங்கே போகும்?” என்கிறார் என் வீட்டுக்காரர். எப்படித் தேர்ந்தெடுப்பது அம்மா? (வாசகி, திருநகர், மதுரை)

பதில்: முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதை நிறுத்திவிடாதீர்கள் தங்கச்சி. அங்கே உங்கள் சேலைக்காகக் காத்திருக்கிறவர்கள் இருப்பார்கள். இது அதற்கு மேல்.

உங்கள் வீட்டுக்காரர் கேட்டது சரியான கேள்வி. பணம் எங்கே போகும் என்று நான் பார்த்திருக்கிறேன். மேல மாசி வீதியில் ஓர் ஆடிட்டர் ஆபீஸில் 26 வருடம் வேலை பார்த்தேன். டிரஸ்டுகளின் வவுச்சர் கட்டுகளைப் புரட்டி டிக் போடுவது என் வேலை. ஒரு நாள் கையில் வந்த வவுச்சர் இன்னும் நினைவிருக்கிறது. ஒரு சாதி வன்கொடுமை வழக்கில் சாட்சியான ஒரு பெண் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரை கோர்ட்டுக்கு வந்து போக பஸ் சார்ஜ், மத்தியானச் சாப்பாடு, ஒரு நாள் கூலி. கீழே கைநாட்டு. அடுத்த மாதமும் அதே பெயர், அதே கைநாட்டு. அந்த வருடக் கட்டில் மட்டும் ஒன்பது இருந்தன. கணக்கரிடம் கேட்டேன். “ஒன்பதும் வாய்தா அக்கா, இன்னும் அவரைக் கூண்டிலேயே ஏற்றவில்லை” என்றார். அடுத்த வருடக் கட்டிலும் அந்தக் கைநாட்டு வந்தது.

அந்தப் பெண் ஒரே ஒரு வாய்தாவுக்கு வராமல் நின்றிருந்தாலும் வழக்கு தள்ளாடியிருக்கும். களையெடுக்கப் போனால் கிடைக்கும் கூலியை விட்டுவிட்டு, ஊரில் நாலு பேர் முறைப்பதையும் தாங்கிக்கொண்டு வர வேண்டும். தலித், பழங்குடி மக்கள் மீதான கொடுமைகளுக்கான வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் விதிகளில் 60 நாளுக்குள் குற்றப்பத்திரிகை போட வேண்டும் என்று இருக்கிறது. சாட்சிக்குப் பயணப்படியும் தினப்படியும் அரசு தர வேண்டும் என்றும் இருக்கிறது. அந்தப் படியை வாங்குவதற்கே மனு எழுத ஓர் ஆள் வேண்டும், ஆபீஸ் படி ஏற ஓர் ஆள் வேண்டும். உங்கள் பணம் போவது அந்த ஆளுக்கு.

அதனால் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அன்னதானத்தில் 90 ரூபாய் அரிசிக்கும் 10 ரூபாய் சமையல்காரருக்கும் போனால் நமக்குத் திருப்தி. இந்த வேலையில் ஆள் சம்பளமும் பயணமும்தான் அரிசி. சம்பவம் நடந்த ஊருக்கு மறுநாளே போய் நடந்ததை எழுதிக்கொண்டு வருகிறவர், எஃப்.ஐ.ஆரில் சரியான பிரிவு போடவில்லை என்று ஸ்டேஷனில் நின்று பேசுகிற வக்கீல், பத்து ரூபாய்க் கட்டணத்தில் தகவல் உரிமை மனுப் போட்டுவிட்டுப் பதில் வரும்வரை விரட்டுகிறவர். ‘நிர்வாகச் செலவு அதிகம்’ என்று ஒரே வரியில் இவர்களைத் தள்ளிவிடாதீர்கள். யாருக்கு, எந்த வேலைக்குச் சம்பளம் என்று கேளுங்கள்.

மதுரையில் இந்த வேலைக்குப் பஞ்சமில்லை. மக்கள் கண்காணிப்பகம் 1995-லிருந்து மனித உரிமை மீறல்களை ஆவணப்படுத்தி வழக்கு நடத்துகிறது. சாதி வன்கொடுமைகளில் எவிடென்ஸ் அமைப்பு களத்துக்குப் போகிறது. நாடு முழுக்கக் கிளை உள்ள மக்கள் சிவில் உரிமைக் கழகம் 1976-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கியது. அது உறுப்பினர் சந்தாவில் நடக்கும் அமைப்பு. அங்கே நன்கொடையோடு உங்கள் நேரத்தையும் கேட்பார்கள். இவற்றில் ஒன்றுக்கு அனுப்புங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். நேரில் போய்ப் பாருங்கள். உள்ளூரில் இருப்பதன் லாபமே அதுதான்.

போனால் என்ன கேட்பது? போன வருடத் தணிக்கை அறிக்கையைக் கேளுங்கள். பதிவு எண், வருமான வரித் துறை கொடுத்த 12ஏ (அமைப்புக்கு வரிவிலக்கு), 80ஜி (கொடுப்பவருக்கு வரிச்சலுகை) தாள்கள் தயங்காமல் வர வேண்டும். தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் தர்பன் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று உங்கள் பிள்ளைகள் போனில் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். ஆனால் தாளெல்லாம் சரியாக இருந்தும் வேலை செய்யாதவர்களை நான் பார்த்திருக்கிறேன். எனக்கு முக்கியம் இந்தக் கேள்வி: “ஐந்து வருடத்துக்கு முன்னால் எடுத்த ஒரு வழக்கைச் சொல்லுங்கள், அந்தக் குடும்பம் இப்போது எப்படி இருக்கிறது?” வேலை செய்கிறவர்களுக்கு இதற்குப் பதில் சொல்ல ஃபைல் வேண்டாம். பெரிய பெண் நர்சிங் முடித்துவிட்டாள், அப்பா இன்னும் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். அப்புறம், பாதிக்கப்பட்டவர்களின் முகத்தையும் பெயரையும் நன்கொடை நோட்டீஸில் போட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். போட்டிருந்தால் நான் கொடுக்க மாட்டேன்.

நான் ஒரு தடவை ஏமாந்தேன். வழவழ தாளில் அச்சடித்த ஆண்டறிக்கையைப் பார்த்துவிட்டு, என் ஓய்வுப் பணத்திலிருந்து ஓர் அமைப்புக்கு 25,000 ரூபாய் கொடுத்தேன். ரசீது வந்தது. கணக்குக் கேட்டு இரண்டு கடிதம் எழுதினேன், பதில் இல்லை. நேரில் போனபோது அலுவலகம் பூட்டிக் கிடந்தது. கணக்குப் பார்த்தே பிழைத்தவள் நான், கொடுப்பதற்கு முன்னால் ஒரு தடவை அந்த வாசலுக்குப் போயிருக்க வேண்டும். இன்றைக்கும் மனது ஆறவில்லை.

12,000 ரூபாயை மொத்தமாகவும் கொடுக்கலாம். என்னைக் கேட்டால் மாதம் ஆயிரமாக, ஒரே அமைப்புக்கு, ‘எதற்கு வேண்டுமானாலும் செலவழியுங்கள்’ என்று எழுதிக் கொடுப்பேன். பண்டிகை மாதத்தில் எல்லோரும் கொடுக்கிறார்கள். வாய்தா ஆனியிலும் ஆடியிலும் வருகிறது. அமைப்புகள் வெளிநாட்டு நிதி வாங்குவதற்கான சட்டம் (எஃப்.சி.ஆர்.ஏ.) 2020-ல் இன்னும் இறுகியது. மக்கள் கண்காணிப்பகத்துக்கு அந்த நிதி வாங்கும் அனுமதி 2016-லேயே புதுப்பிக்கப்படவில்லை. அதனால் உள்ளூர்க்காரர்கள் மாதாமாதம் அனுப்பும் ஆயிரம் ரூபாயின் மதிப்பு இப்போது ரொம்ப அதிகம்.

கேள்வி: இப்படிப்பட்ட அமைப்புகள் வந்தால் ஊரில் பகைதான் கூடுகிறது என்கிறார்கள். சமாதானம் பேசுகிறவர்களுக்குக் கொடுப்பதுதானே நல்லது? (வாசகர், மேலூர்)

பதில்: சமாதானக் கூட்டத்தில் யார் விட்டுக்கொடுத்துக் கையெழுத்துப் போட்டார்கள் என்று பாருங்கள் தம்பி. அடி வாங்கியவரே ஒவ்வொரு தடவையும் விட்டுக்கொடுத்தால் அதைச் சமாதானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம் மாவட்டத்து உத்தப்புரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தலித் மக்களைத் தடுத்து நின்ற சுவரில் ஒரு பகுதியை 2008 மே மாதம் அரசு இடித்தது. தீண்டாமை ஒழிப்பு முன்னணி போன்றவர்கள் விடாமல் குரல் கொடுத்த பிறகுதான் அது நடந்தது. அன்றைக்கு ஊரில் பதற்றம் கூடியது உண்மை. ஆனால் 2011-ல் இரண்டு தரப்பும் உட்கார்ந்து பேசி ஒப்பந்தம் போட்டார்கள், அதே வருடம் நவம்பரில் தலித் மக்கள் முத்தாலம்மன் கோயிலுக்குள் போனார்கள். சுவர் அப்படியே நின்றிருந்தால் அந்தப் பேச்சு எங்கே தொடங்கியிருக்கும்?

இரண்டையும் சேர்த்துச் செய்தவர் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதன், திண்டுக்கல் பக்கத்துக்காரர். 1968 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் இரவில் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசையோடு எரிக்கப்பட்டார்கள். அதன் பிறகு அவரும் கணவரும் கீழத் தஞ்சைக்குப் போய், அங்கேயே தங்கிவிட்டார்கள். 1981-ல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, நிலக்காரர்களோடு பேசி விலைக்கு வாங்கி, நிலமற்ற பெண்கள் பெயரில் பட்டா வாங்கிக் கொடுத்தார்கள். பட்டா கைக்கு வந்த பெண் அடுத்த வருடக் கூலிக்காக யாரிடமும் பணிய வேண்டியதில்லை. நீங்கள் கொடுக்க நினைக்கும் அமைப்பு சமாதானம் என்று எதைச் சொல்கிறது என்று கேளுங்கள். பட்டா, பாதை, தண்ணீர், கோயில் வாசல் என்று கையால் தொட்டுக் காட்டக்கூடிய ஒன்றை அவர்கள் சொன்னால் தாராளமாகக் கொடுங்கள்.

கேள்வி: அமெரிக்காவில் இருக்கும் மகன், தானும் ஒரு பங்கு அனுப்புகிறேன் என்கிறான். அனுப்பலாமா? வரிச்சலுகை உண்டா? (வாசகர், அண்ணா நகர், மதுரை)

பதில்: மகனிடம் இருப்பது எந்த நாட்டுப் பாஸ்போர்ட் என்று முதலில் கேளுங்கள். இந்தியப் பாஸ்போர்ட் என்றால், கிரீன் கார்டு வைத்திருந்தாலும், சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பலாம். அது வெளிநாட்டு நிதி ஆகாது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார் என்றால், வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான ஓ.சி.ஐ. அட்டை இருந்தாலும் அது வெளிநாட்டு நிதிதான். எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி உள்ள அமைப்புக்கு மட்டும், அதற்கென்று டெல்லி ஸ்டேட் வங்கியில் உள்ள கணக்குக்குத்தான் போக வேண்டும். உங்கள் கணக்குக்கு அனுப்பச் சொல்லி நீங்கள் மாற்றிக் கொடுக்கும் வேலை வேண்டாம், மாட்டிக்கொண்டு அவதிப்படப்போவது அந்த அமைப்பு.

80ஜி என்று நாம் சொல்லிப் பழகிய சலுகை பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்குத்தான். புதிய முறைக்கு மாறியிருந்தால் கிடைக்காது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும் கிடைக்காது. செக்காகவோ யு.பி.ஐ.யிலோ கொடுங்கள். ரசீதில் பான் எண் சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள்.