எலிசபெத் ராணியும் எசேக்கியேலும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் பெரியப்பா வீட்டில் வெள்ளிக்கிழமைதோறும் ஜெபக்கூட்டம் நடக்கும். போன வாரம் அவர் எடுத்துக்கொண்டது இரண்டாம் எலிசபெத் ராணியின் வாழ்க்கை. எருசலேம் பாபிலோனிடம் விழுந்தபோது எரேமியா தீர்க்கதரிசி யூதாவின் கடைசி ராஜா சிதேக்கியாவின் மகளை அயர்லாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார், பெத்தேலில் யாக்கோபு தலைக்கு வைத்துப் படுத்த கல்லும் கூடவே போயிற்று, அந்த வம்சம் அங்கிருந்து ஸ்காட்லாந்துக்கும் பிறகு லண்டனுக்கும் வந்தது என்றார். எசேக்கியேல் 21:27-ல் ‘கவிழ்ப்பேன், கவிழ்ப்பேன், கவிழ்ப்பேன்’ என்று மூன்று முறை வருவது இந்த மூன்று இடமாற்றத்தைத்தானாம். ஆக, ராணி உட்கார்ந்திருந்தது தாவீதின் சிங்காசனம். எழுபது வருடம் கடமை தவறாமல் இருந்ததே அதற்குச் சாட்சி என்று முடித்தார்.

கல்லூரியில் படிக்கும் என் தங்கை, “கென்யாவில் அவர் பெயரில் நடந்ததும் தீர்க்கதரிசனமா, பெரியப்பா?” என்று கேட்டுவிட்டாள். கூட்டம் சண்டையில் முடிந்தது. பெரியம்மா கொண்டுவந்த சுக்குக் காப்பியை யாரும் தொடவில்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். இந்த வம்சக் கதையில் உண்மை உண்டா? இல்லையென்றால், ராணியின் கடமை வாழ்க்கையை வேதத்தோடு வைத்துப் பார்க்கவே கூடாதா?

பெயர் வேண்டாம்,
பாளையங்கோட்டை

அன்புள்ள நண்பருக்கு,

கல்லை முதலில் முடித்துவிடலாம். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் முடிசூட்டு நாற்காலிக்கு அடியில் இருந்த அந்தக் கல்லை 1296-ல் முதலாம் எட்வர்ட் ஸ்காட்லாந்தின் ஸ்கோன் என்ற ஊரிலிருந்து தூக்கி வந்தார். 152 கிலோ மணற்பாறை. நிலவியலாளர்கள் சோதித்துப் பார்த்து, ஸ்கோன் வட்டாரத்துப் பாறைதான் என்று சொல்லிவிட்டார்கள். பெத்தேலுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. 1950 கிறிஸ்துமஸ் அன்று நான்கு ஸ்காட்லாந்து மாணவர்கள் அதைத் திருடிக்கொண்டு போனார்கள். இழுக்கும்போது கல் இரண்டாக உடைந்தது. 1996-ல் ஸ்காட்லாந்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். சார்லஸின் முடிசூட்டுக்கு லண்டன் வந்துவிட்டுத் திரும்பிப் போயிற்று.

எரேமியா விஷயம். 43-ஆம் அதிகாரத்தில் ராஜாவின் குமாரத்திகள் வருகிறார்கள், உண்மை. ஆனால் அவர்கள் போய்ச் சேரும் இடம் எகிப்திலுள்ள தக்பானேஸ். அதற்கு மேல் வேதம் அவர்களைப் பற்றி ஒரு வரி சொல்லவில்லை. மீதிக் கதை பிரிட்டிஷ் இஸ்ரவேல் கொள்கைக்காரர்கள், அதாவது ஆங்கிலேயர்களே காணாமல்போன இஸ்ரவேலர் என்று சொன்னவர்கள், சேர்த்தது. 1840-ல் ஜான் வில்சன் புத்தகமாக எழுதினார், எட்வர்ட் ஹைன் பரப்பினார், 20-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் ஹெர்பர்ட் ஆம்ஸ்ட்ராங் அதை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனார். நம்பிக்கை முற்றிப்போய், 1899 முதல் 1902 வரை அயர்லாந்தின் தாரா குன்றை, பத்துக் கட்டளைகள் வைத்திருந்த உடன்படிக்கைப் பெட்டிக்காகத் தோண்டினார்கள். பழங்கால ராஜாக்களின் மேடு அது. கவிஞர் யேட்ஸ் உட்பட அயர்லாந்துக்காரர்கள் கொதித்துப்போய்ப் பத்திரிகைக்கு எழுதினார்கள். பெட்டி கிடைக்கவில்லை, மேடு சிதைந்ததுதான் மிச்சம்.

இந்தக் கொள்கை ஏன் விக்டோரியா காலத்தில் பிடித்துக்கொண்டது என்று பார்த்தால் சிரிப்பு வரும். ‘உன் சந்ததியார் தங்கள் சத்துருக்களின் வாசல்களைச் சுதந்தரித்துக்கொள்ளுவார்கள்’ என்று ஆபிரகாமுக்கு ஒரு வாக்குத்தத்தம் உண்டு. அந்த வாசல்கள் ஜிப்ரால்டர், சூயஸ், ஏடன், சிங்கப்பூர் என்று எழுதினார்கள். அப்புறம் என்ன ஆயிற்று? 1942-ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. 1956-ல் சூயஸ் போயிற்று. 1967-ல் ஏடன். பின் இரண்டும் கைவிட்டுப்போனது எலிசபெத் ராணியாக இருந்தபோதே.

எங்கள் தாத்தாவிடம் ஒரு தீர்க்கதரிசன வரைபடம் இருந்தது. தானியேல் புத்தகத்துச் சிலை, பொன் தலை, இரும்புக் கால், களிமண்ணும் இரும்பும் கலந்த பாதவிரல்கள். ஒவ்வொரு விரலுக்கும் பக்கத்தில் பென்சிலால் ஒரு நாட்டின் பெயர் எழுதி, அழித்து, வேறு எழுதி, அதையும் அழித்திருந்தார். கடைசியில் தாள் கிழிந்து விரல்களே போய்விட்டன. அவரைக் கிண்டல் செய்ய எனக்கு மனது வராது. செய்தித்தாளையும் வேதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒழுங்காக வாசித்த மனிதர் அவர். பென்சிலை மட்டும் கீழே வைத்திருக்கலாம்.

சரி, எசேக்கியேலுக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான்.

‘கவிழ்ப்பேன்’ மூன்று முறை வருவது எபிரெயத்தில் அழுத்திச் சொல்லும் வழக்கம். எரேமியா 22:29-ல் ‘தேசமே! தேசமே! தேசமே!’ என்று வருகிறது, அதற்காக யாரும் மூன்று தேசங்களைத் தேடிப் புறப்படவில்லை. அது கிடக்கட்டும். அந்த வசனம் யாரைப் பார்த்துச் சொல்லப்பட்டது? சிதேக்கியாவை. அவன் கிரீடம் ஏன் பறிக்கப்படுகிறது? அதற்கு 17-ஆம் அதிகாரத்தைப் புரட்ட வேண்டும். அவன் பாபிலோன் ராஜாவுக்குச் சத்தியம் செய்து கொடுத்துவிட்டு, எகிப்தின் குதிரைகளை நம்பி அதை மீறினான். சத்தியம் வாங்கியது அந்நிய ராஜா, ஜெயித்தவன், எருசலேமைக் கொள்ளையடித்தவன். அப்படிப்பட்டவனுக்குக் கொடுத்த வாக்கைக் கர்த்தர் ‘என் ஆணை’, ‘என் உடன்படிக்கை’ என்று சொல்கிறார். சிறுவயதிலிருந்து எத்தனையோ முறை அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருக்கிறேன். அந்த ‘என்’ கண்ணில் பட்டது நாற்பது வயதுக்கு மேல்தான்.

பெரியப்பா எடுத்த வசனத்தில் வம்சாவளி இல்லை. வாக்குத் தவறிய ஒரு ராஜா மேல் விழுந்த தீர்ப்பு இருக்கிறது. தாவீதின் சிங்காசனம் இயேசுவுக்கு என்பதை லூக்கா முதல் அதிகாரத்திலேயே தேவதூதன் மரியாளிடம் சொல்லிவிட்டான். கிறிஸ்தவனுக்கு அதற்கு மேல் வாரிசு தேட வேலையில்லை. ஆனால் வாக்கு என்ற அளவுகோலை வைத்து எலிசபெத்தைப் பார்க்கலாமா என்றால், தாராளமாகப் பார்க்கலாம். அவரே அதை விரும்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

1953 ஜூன் 2. முடிசூட்டு ஆராதனையை முதன்முறையாகத் தொலைக்காட்சியில் காட்டினார்கள், மிகப் புனிதமான சில பகுதிகளைத் தவிர. அவற்றில் ஒன்று அபிஷேகம். ராணியின் சிவப்பு அங்கியைக் கழற்றினார்கள். தலையிலிருந்த வைரப் பட்டம், கழுத்து மாலை எல்லாம் எடுத்தாயிற்று. உள்ளே இருந்த உடைமேல் அலங்காரமே இல்லாத வெள்ளை அங்கி ஒன்றைப் போர்த்தினார்கள். 27 வயதுப் பெண், அந்தப் பழைய நாற்காலியில். நான்கு பேர் பொன்னிறப் பட்டுப் பந்தலைத் தலைக்கு மேல் பிடித்தார்கள். கேமரா விலகிக்கொண்டது. பேராயர் ஃபிஷர் தைலத்தைக் கரண்டியில் விட்டு, இரு உள்ளங்கைகளிலும் நெஞ்சிலும் உச்சந்தலையிலும் பூசினார். சாதோக்கு ஆசாரியனும் நாத்தான் தீர்க்கதரிசியும் சாலொமோனை அபிஷேகம் பண்ணியதுபோல என்று சொல்லித்தான் பூசுவார்கள். 1727-ல் இரண்டாம் ஜார்ஜுக்காக ஹாண்டல் இசையமைத்த பாட்டும் அந்த வசனம்தான். (பழைய தைலக் குப்பி 1941-ல் ஜெர்மன் குண்டுவீச்சில் போய்விட்டதால் புதிதாகக் காய்ச்ச வேண்டியிருந்தது. இப்படி ஒரு தகவல் கிடைத்தால் எங்காவது செருகாமல் என்னால் இருக்க முடியாது.)

இங்கே வரிசையைக் கவனியுங்கள். முதலில் சத்தியப்பிரமாணம், அப்புறம் அபிஷேகம், அதற்குப் பிறகுதான் கிரீடம். எலிசபெத்தின் பெரியப்பா எட்டாம் எட்வர்ட் முடிசூட்டு நாள் வருவதற்கு முன்பே, 1936 டிசம்பரில், விலகிப் போய்விட்டார். அவர் அபிஷேகம் பெறாதவர். அப்போது எலிசபெத்துக்குப் பத்து வயது. 1947-ல், 21-ஆம் பிறந்தநாளில், கேப் டவுனிலிருந்து வானொலியில் பேசும்போது, நீண்டதோ குறுகியதோ என் வாழ்நாள் முழுவதும் உங்கள் சேவைக்கே என்று சொன்னார். 2013-ல் நெதர்லாந்து ராணி விலகினார், அதே வருடம் போப் பதினாறாம் பெனடிக்டும் விலகினார். இவர் விலகவில்லை. 2022 செப்டம்பர் 6-ஆம் தேதி பால்மோரல் மாளிகையில் தன்னுடைய 15-ஆவது பிரதமரை நியமித்தார். அன்று எடுத்த படத்தில் ஒரு கையில் ஊன்றுகோல், குலுக்கிய கையின் மேல்புறம் கன்றிக் கறுத்திருக்கிறது. சாம்பல் நிறப் பாவாடை, கம்பளிச் சட்டை, பின்னால் கணப்பு. இரண்டாம் நாள் இறந்தார். 15-ஆம் சங்கீதத்தில் ‘ஆணையிட்டதில் தனக்கு நஷ்டம் வந்தாலும் தவறாதிருக்கிறான்’ என்று ஒரு வரி வரும். அந்தப் படத்தைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வரும்.

இத்தோடு நிறுத்தினால் பெரியப்பா சந்தோஷப்படுவார், ஆனால் உங்கள் தங்கைக்கு நான் பதில் சொல்லியாக வேண்டும்.

கேப் டவுன் பேச்சில் அந்தச் சேவை யாருக்கு என்றும் சொன்னார், ‘நம்முடைய மாபெரும் பேரரசுக் குடும்பத்துக்கு’. அந்தக் குடும்பத்தில் பாதிப் பேர் சம்மதம் கேட்கப்படாமல் சேர்க்கப்பட்டவர்கள். 1952 பிப்ரவரி 6-ல் அப்பா இறந்து அவர் ராணியானபோது இருந்த இடம் கென்யா. அதே வருடம் அக்டோபரில் அங்கே அவசரநிலை. பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான மாவ் மாவ் எழுச்சியை அடக்க ஆயிரக்கணக்கானவர்களை முகாம்களில் அடைத்தார்கள், சித்திரவதை செய்தார்கள். 1959-ல் ஹோலா முகாமில் 11 கைதிகளை அடித்தே கொன்றார்கள். 2013-ல்தான் பிரிட்டிஷ் அரசு வருத்தம் தெரிவித்து, 5,228 பேருக்கு 1.99 கோடி பவுண்ட் கொடுத்தது.

ராணியா செய்தார்? இல்லை. அரசியலமைப்புப்படி அவர் மந்திரிகள் சொன்னபடி நடக்க வேண்டியவர். ஆனால் அபிஷேகத்துக்கு முன் பேராயர் கேட்ட கேள்விகளில் ஒன்று, உங்கள் எல்லாத் தீர்ப்புகளிலும் சட்டமும் நீதியும் இரக்கத்தோடு நடக்கச் செய்வீர்களா என்பது. ‘செய்வேன்’ என்றார். அடுத்த பல வருடங்கள் கென்யாவில் தீர்ப்புகள் அவர் மகுடத்தின் பெயரில்தான் வழங்கப்பட்டன, தூக்குத் தண்டனைகள் உட்பட. எரேமியா இதை எப்படிக் கேட்பார் என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால் 22-ஆம் அதிகாரத்தில் யூதாவின் ராஜா யோயாக்கீமைப் பார்த்துக் கேட்டதை வாசியுங்கள். கேதுருமர மாளிகையில் உலாவுவதால் ராஜாவாகிவிடுவாயோ என்கிறார். உன் அப்பா சிறுமையும் எளிமையுமானவனின் நியாயத்தை விசாரித்தாரே, ‘அப்படிச் செய்வதல்லவோ என்னை அறிகிற அறிவு’ என்கிறார். தீர்க்கதரிசிகளுக்கு அரசியலமைப்புச் சட்டம் தெரியாது. மந்திரி சொன்னார் என்றால் ஏற்றுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

என் கருத்தைக் கேட்டால், தன் கையில் இருந்த வாக்கை அவர் கடைசி மூச்சுவரை காப்பாற்றினார். தன் கையில் இல்லாத வாக்கையும் கொடுத்திருந்தார். அது காப்பாற்றப்படவில்லை, அதைப் பற்றி வெளிப்படையாக அவர் ஒன்றும் சொல்லவுமில்லை. ஒன்றைக் காட்டி இன்னொன்றை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. பிரிட்டிஷ் இஸ்ரவேல் கொள்கையோடு எனக்கு இருக்கும் பெரிய சண்டையும் இதுதான். ராஜாக்களை நிறுத்திக் கேள்வி கேட்ட புத்தகத்தை அது ராஜாக்களின் ஜாதகமாக்கிவிட்டது.

2022 செப்டம்பர் 19, வின்ட்சர், புனித ஜார்ஜ் தேவாலயம், ராணியின் அடக்க ஆராதனை. கடைசிப் பாட்டுக்கு முன் அரச நகைக் காப்பாளர் வந்து, சவப்பெட்டிமேல் இருந்த செங்கோல், உருண்டை, கிரீடம் மூன்றையும் எடுத்துக் கொடுத்தார். அவற்றைப் பலிபீடத்தில் வைத்தார்கள். பிறகு அரண்மனைத் தலைமை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் தன் வெள்ளைக் கோலை இரண்டாக முறித்துப் பெட்டிமேல் வைத்தார். பெட்டி மெல்லக் கீழே, நிலவறைக்குள் இறங்கியது.

உங்கள் பெரியப்பாவும் அதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பார். ‘பாகையைக் கழற்று, கிரீடத்தை எடுத்துப்போடு, அது இனி முன்போலிராது.’ இது எசேக்கியேல் 21:26. அவர் எடுத்த வசனத்துக்கு நேர் முந்தையது. அதை ஏன் தாண்டிப் போனார் என்று அடுத்த வெள்ளிக்கிழமை கேளுங்கள். காப்பி குடித்த பிறகு கேளுங்கள்.